"மேற்படி" போட்ட கட்டங்கள்: எக்செல் எக்ஸ்பெர்ட் தேர்வுக்கு நான் மேக்ரோ படித்த கதை

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊரின் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும், எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. 1917-இல் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபிசில் சின்னக் கிராணியாக (இளநிலை எழுத்தராக) வேலை பார்த்துக்கொண்டே, மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வுகளில் எக்செல் எக்ஸ்பெர்ட் நிலையை எழுதித் தேறினேன். பள்ளித் தேர்வுகளான எஸ்பிஎம்மோ எஸ்டிபிஎம்மோ முடித்துவிட்டு, தோட்டத்து ஆபிசிலோ ஆலை ஆபிசிலோ கணக்கு பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டம் முழுவதையும் சொல்லப்போவதில்லை. மேக்ரோ என்றால், எக்செல் தானாகச் செய்யும்படி நாம் எழுதிவைக்கும் கட்டளைகள். எனக்கு அது புரிந்ததே ஒரே ஒரு தொல்லையால்தான். மெர்ஜ் செய்த, அதாவது பலவற்றை ஒன்றாக இணைத்த கட்டங்கள்.

தொழிலாளர்களின் வேலையைப் பதியும் எங்கள் செக்ரோல் தாள் இப்படி இருக்கும். ஏ பத்தியில் மண்டோர் (ஒரு கும்பலின் மேற்பார்வையாளர்) பெயர், பி பத்தியில் பிளாக் எண், சி பத்தியில் தொழிலாளர் பெயர், அப்புறம் வெட்டிய குலைகள், உதிரிப்பழத்தின் எடை. ஒரு மண்டோரிடம் எட்டுப் பேர் என்றால் ஏ2 முதல் ஏ9 வரை ஒரே கட்டமாக மெர்ஜ் செய்து, நடுவில் அவர் பெயர். அடுத்தவரிடம் பதினொரு பேர் என்றால் பதினொரு வரிசை உயரத்துக்கு ஒரு கட்டம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பெரிய கிராணி ஐயா பல வருஷமாக அந்த வடிவத்தில்தான் பிரிண்ட் எடுத்து மானேஜரிடம் கையெழுத்து வாங்கினார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், மண்டோர் வாரியாகக் குலைக் கணக்கு கேட்டார்கள். பெயரைப் பார்த்துக் கூட்டும் சம்இஃப் சூத்திரம் போட்டேன். பதினொரு பேர் வெட்டிய கும்பலுக்கு, ஒரே ஒருவர் வெட்டியதுதான் மொத்தமாக வந்தது. பில்டர் போட்டேன், மண்டோர் பெயருக்கு ஒரு வரிசைதான் காட்டியது. பெயர் வரிசைப்படி அடுக்கலாம் என்று சார்ட் கொடுத்தால், மெர்ஜ் செய்த கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டது. அன்று ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து கையால் கூட்டினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா தோட்டத்து மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒருவர் பெயர் மேலே ஒரு தடவை. அதற்குக் கீழே அரிசி, சீனி, மைலோ என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் பெயருக்குப் பதிலாக ௸ என்ற மேற்படிக் குறி. "நான் மேற்படின்னு போட்டா படிக்கிற ஆளுக்குப் புரியும். உன் கம்ப்யூட்டருக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" என்றார்.

எனக்கு அங்கேதான் விளங்கியது. ஏ2 முதல் ஏ9 வரை மெர்ஜ் செய்தால் பெயர் இருப்பது ஏ2-இல் மட்டும். ஏ3 முதல் ஏ9 வரை வெறும் கட்டங்கள். நம் கண் மேற்படி என்று படித்துக்கொள்கிறது, எக்செல் ஒன்றுமில்லை என்று படிக்கிறது. அப்பாவின் நோட்டிலாவது ஒவ்வொரு வரியிலும் ஒரு குறி இருந்தது. இங்கே அதுகூட இல்லை. அதனால் நான் எழுத வேண்டிய மேக்ரோவின் வேலை ஒன்றே ஒன்றுதான்: மேற்படி என்று இருக்கும் ஒவ்வொரு வரியிலும் முழுப்பெயரை எழுதிவைப்பது.

மேக்ரோவுக்குப் போகுமுன் அதே வேலையைக் கையால் செய்து பாருங்கள். இது என் முதல் ஆலோசனை, இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஏ பத்தியின் தகவல் வரிசைகளைத் தேர்ந்தெடுத்து மெர்ஜை நீக்குங்கள். எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல் என்பதில் பிளாங்க்ஸ் தேர்ந்தெடுத்தால் வெற்றுக் கட்டங்கள் மட்டும் பிடிபடும். சமக்குறி போட்டு, மேல்நோக்கிய அம்புக்குறியை ஒரு தடவை தட்டி, கண்ட்ரோலும் எண்டரும் சேர்த்து அழுத்துங்கள். எல்லா வெற்றுக் கட்டமும் தனக்கு மேலே உள்ளதை எடுத்துக்கொள்ளும். அப்புறம் பத்தி முழுவதையும் காப்பி செய்து வேல்யூஸ் ஆக மட்டும் ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டால், அடுத்து சார்ட் செய்யும்போது பெயர்கள் இடம் மாறிவிடும், ஏனென்றால் அவை இன்னும் மேலே பார்த்து எழுதும் சூத்திரங்கள்தான். ஒரு வாரம் தினமும் இதைச் செய்தேன். மேக்ரோவின் வரிகளை எழுத உட்கார்ந்தபோது, என்ன செய்ய வேண்டும் என்பது கைக்கே தெரிந்திருந்தது.

அடுத்து ரெக்கார்டர், நாம் செய்வதைப் பதிந்து தானே மேக்ரோவாக எழுதும் வசதி. தேர்வுக்கும் இது வேண்டும். நான் முதலில் ரெக்கார்ட் செய்த மேக்ரோ அந்த மாதத் தாளில் சரியாக ஓடியது. அடுத்த மாதம் இரண்டு பேர் வேறு கும்பலுக்கு மாறியிருந்தார்கள், மேக்ரோ தப்பான வரிசைகளில் பெயரை எழுதியது. ஆல்ட், எஃப்11 அழுத்தி உள்ளே பார்த்தால், நான் தொட்ட கட்டங்களின் முகவரிகள் அப்படியே எழுதப்பட்டிருந்தன. ரெக்கார்டர் நம் கை போன இடத்தைத்தான் எழுதும், நாம் ஏன் அங்கே போனோம் என்பதை எழுதாது. அங்கிருந்துதான் நான் மேக்ரோவின் மொழியான விபிஏவைச் சொந்தமாக எழுத ஆரம்பித்தேன்.

எழுதியதன் சாரத்தைச் சொல்கிறேன். மெர்ஜ்ஏரியா என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு கட்டத்தைக் காட்டி மெர்ஜ்ஏரியா என்ன என்று கேட்டால், அது எந்தக் கூட்டில் சேர்ந்திருக்கிறதோ அந்தக் கூட்டின் முழுப் பரப்பையும் கொடுக்கும். ஏ5-ஐக் கேட்டாலும் ஏ2 முதல் ஏ9 வரை என்றே பதில் வரும். எதிலும் சேராத கட்டத்தைக் கேட்டால் தன்னையே காட்டும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஒரே ஒரு கட்டத்திடம்தான் இதைக் கேட்க வேண்டும், பல கட்டங்களைச் சேர்த்துக் கேட்டால் பிழை வரும்.

வேலையின் ஒழுங்கு இது. பத்தியில் மேலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் போகிறோம். அது மெர்ஜ் செய்ததா என்று மெர்ஜ்செல்ஸ் மூலம் கேட்கிறோம். ஆம் என்றால் அதன் மெர்ஜ்ஏரியாவை ஒரு மாறியில் (வேரியபிள், தகவலை வைத்துக்கொள்ளும் பெயர்) வைத்துக்கொள்கிறோம். அந்தப் பரப்பின் முதல் கட்டத்தில் உள்ள பெயரை இன்னொரு மாறியில் வைக்கிறோம். அதற்குப் பிறகுதான் அன்மெர்ஜ். கடைசியாக, வைத்திருக்கும் பரப்பு முழுவதற்கும் அந்தப் பெயரைக் கொடுக்கிறோம். இந்த வரிசை மாறக் கூடாது. நான் முதலில் பிரித்துவிட்டு அப்புறம் மெர்ஜ்ஏரியா கேட்டேன். பிரித்த பிறகு கூட்டே இல்லையே, கட்டம் தன்னை மட்டும்தான் காட்டியது, மற்ற ஏழும் காலியாகவே நின்றன. பரப்பை மாறியில் வைக்கும் வரியில் செட் என்ற சொல்லை விட்டுவிட்டாலும் ஓடாது. பிழை எண் 91 வரும். எனக்கு அந்த எண் மனப்பாடமே ஆகிவிட்டது.

தாளின் தலைப்பும் மெர்ஜ் செய்ததுதான், ஆனால் குறுக்கே. அதையும் மேக்ரோ பிரித்து, பதினொரு பத்தியிலும் தோட்டத்தின் பெயரை எழுதிவைத்தது. அதனால் பரப்பின் பத்தி எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் தொடு என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன்.

மெர்ஜ்செல்ஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், பல பேர் இதில் வழுக்குகிறார்கள். ஒரு கட்டத்தைக் கேட்டால் ஆம் அல்லது இல்லை. பெரிய பரப்பைக் கேட்டு, அதில் சில மெர்ஜ் செய்தவை, சில செய்யாதவை என்றால், இரண்டும் இல்லாமல் நல் (Null, பதில் இல்லை) என்று வரும். இஃப் நிபந்தனை அந்த நல்லை இல்லை என்றே எடுத்துக்கொண்டு பேசாமல் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தாளில் மெர்ஜே இல்லை என்று நம்பிவிடுவோம். ஒவ்வொரு கட்டமாகக் கேளுங்கள்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் வருத்தியது கடைசி வரிசை. தாளின் அடியிலிருந்து மேல்நோக்கிப் போய் எழுத்துள்ள கடைசி வரிசையைக் கண்டுபிடிப்பது எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் வழி. நான் அதை ஏ பத்தியில் செய்தேன். கடைசி மண்டோரின் கட்டம் 50 முதல் 57 வரை. ஆனால் எழுத்து இருப்பது 50-இல்தானே? கடைசி வரிசை 50 என்று வந்தது. குலைகளைக் கூட்டும் என் இன்னொரு மேக்ரோ 50-இலேயே நின்றுவிட்டது. கடைசிக் கும்பலில் ஏழு பேருடைய குலைகள் கணக்கில் சேரவில்லை. சம்பளத்துக்குப் போகுமுன் பெரிய கிராணி ஐயா கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று. அந்த ஏழு பேரும் வெயிலில் நின்று வெட்டியவர்கள். அன்று முதல் கடைசி வரிசையைத் தொழிலாளர் பெயர் இருக்கும் சி பத்தியில்தான் தேடுகிறேன், அங்கே மெர்ஜ் இல்லை. மேக்ரோ ஓடும் முன்பும் பின்பும் ஆட்களின் எண்ணிக்கையையும் குலைகளின் மொத்தத்தையும் ஒப்பிடும் இரண்டு வரிகளையும் சேர்த்துவிட்டேன். நீங்களும் சேருங்கள்.

மேக்ரோ செய்ததை அன்டூ செய்ய முடியாது, ஆகவே எப்போதும் நகலில் ஓட்டுங்கள். எக்ஸ்எல்எஸ்எம் என்ற வகையில் சேமிக்கவில்லை என்றால் எழுதிய மேக்ரோ போய்விடும். இணையத்திலிருந்து இறக்கிய மேக்ரோ கோப்புகளை 2022 முதல் ஆஃபிஸ் தானாகவே தடுக்கிறது. நம்பகமான கோப்பு என்றால் மட்டும், வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸில் அன்பிளாக் கொடுங்கள்.

இனி தேர்வு. நான் எழுதியது எக்செல் 2019-க்கான எம்ஓ-201. ஐம்பது நிமிடம், 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. கேள்வி பதில் கிடையாது. ப்ராஜெக்ட் என்ற பெயரில் கோப்புகளைத் திறந்து தருவார்கள், சொன்னதைச் செய்ய வேண்டும். மேக்ரோவில் கேட்பது எளிய பகுதிதான்: ரெக்கார்ட் செய்வது, பெயர் வைப்பது, சிறிய திருத்தம், ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பது, மேக்ரோவை இயங்க அனுமதிப்பது. மெர்ஜ்ஏரியா அளவுக்குப் போகத் தேவையில்லை. ஆனாலும் நான் போனதற்கு வருந்தவில்லை. திருத்தச் சொன்ன மேக்ரோவைத் திறந்தபோது, வரிகளைத் தமிழில் படிப்பதுபோல் படிக்க முடிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த தோழி மனப்பாடம் செய்த படிகளைத் தேடிக்கொண்டிருந்தாள், பாவம், நேரம் போய்விட்டது.

மேக்ரோ பெயரில் இடைவெளி விடக் கூடாது, எழுத்தில்தான் தொடங்க வேண்டும். குறுக்குவிசை கொடுக்கச் சொன்னால், கேள்வியில் உள்ள எழுத்து பெரியதா சிறியதா என்று பாருங்கள். பெரிய எழுத்து என்றால் ஷிஃப்டும் சேரும். ரெக்கார்ட் தொடங்கும் முன் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று பார்ப்பதும், ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ் (நிற்கும் கட்டத்திலிருந்து கணக்கிட்டுப் பதிவது) பொத்தானின் நிலையைப் பார்ப்பதும், முடிந்ததும் ஸ்டாப் கொடுப்பதும் சின்ன விஷயங்கள்தான். நான் பயிற்சியில் இழந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் இவற்றில்தான். ஒரு ப்ராஜெக்டை ரீஸ்டார்ட் செய்தால் அதில் அதுவரை செய்த எல்லாமே போய்விடும், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்புக்கு நேரம்? எனக்குக் கிடைத்தது பிரட்டு (காலையில் ஆட்களைக் கணக்கெடுப்பது) முடிந்து ஆபிஸ் அமைதியாகும் காலை நேரமும், ராத்திரியில் ஒரு மணியும். பயிற்சிக் கோப்புகளை வெளியே தேடவில்லை. பழைய செக்ரோலின் நகலை எடுத்து, பெயர்களையும் அடையாள அட்டை எண்களையும் மாற்றிவிட்டு, அதிலேயே பழகினேன். அடுத்தவர் விவரம் வீட்டு லேப்டாப்புக்கு வரக் கூடாது, அதில் கவனமாக இருங்கள்.

தேர்வு முடிந்து வந்தபின் பெரிய கிராணி ஐயாவிடம் மெர்ஜே வேண்டாம் என்று கேட்டேன். "பிரிண்ட்ல ஒரே பேரு பதினொரு தடவை வந்தா மானேஜர் படிப்பாராம்மா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். குறுக்கே வரும் தலைப்புக்கு மெர்ஜ் தேவையில்லை, சென்டர் அக்ராஸ் செலெக்ஷன் என்ற அமைப்பு அதே தோற்றத்தைத் தரும், கட்டங்களும் தனித்தனியாக இருக்கும். ஆனால் அது மேலிருந்து கீழே வேலை செய்யாது. ஏ பத்திக்கு வேறு வழி: கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில், மேலே உள்ள கட்டமும் இதுவும் ஒன்றே என்றால் எண் வடிவமாக மூன்று அரைப்புள்ளி கொடுத்துவிட்டேன். பெயர் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. சம்இஃப், பில்டர், சார்ட் எல்லாம் ஓடுகின்றன, தாளில் பெயர் ஒரு தடவைதான் வருகிறது.

ஐயா பார்த்துவிட்டு ஒரு குறை சொன்னார். ஒரு கும்பல் இரண்டு பக்கத்தில் பிரிந்தால், இரண்டாம் பக்கத்தின் மேலே மண்டோர் பெயர் இல்லை. அப்புறம் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு கும்பலும் புதுப் பக்கத்தில் தொடங்கும்படி பேஜ் பிரேக் வைத்தோம். இப்போது அதையும் அந்த மேக்ரோவே வைக்கிறது.