பத்து டாலர் நோட்டில் ஒரு ஊர்ப் பெயர்

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில் அமெரிக்க தேசிய வங்கி நோட்டு ஒன்று வாங்கினேன். 1902 சீரிஸ், 20 டாலர், நீல முத்திரை. இன்றைய நோட்டைவிட நல்ல பெரியது. அழகில் மயங்கிக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். வெளியிட்டது நியூயார்க்கின் பெரிய வங்கி; அதன் நோட்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது. வீட்டில் விளக்குக்கு நேரே பிடித்தபோது ஓரத்தில் ஒட்டிய கிழிசலும் தெரிந்தது. விற்றவர் அதைச் சொல்லவே இல்லை.

1863 முதல் 1935 வரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் அரசுப் பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடாக வைத்து, தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட்டன. அதனால் வயதை மட்டும் வைத்து விலை போட முடியாது. எந்த ஊர், எந்த வங்கி, எத்தனை நோட்டு மிஞ்சியிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.

அடுத்த நோட்டை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் 90 டாலருக்கு எடுத்தேன். 1929 சீரிஸ், 10 டாலர். நடுவில் முதல் கருவூலச் செயலர் ஹாமில்டனின் படம், பழுப்பு முத்திரை, இடப்பக்கம் கறுப்பு எழுத்தில் அந்தச் சின்ன ஊர் வங்கியின் பெயர், கீழே காசாளர், தலைவர் கையெழுத்துகள். சார்ட்டர் எண், அதாவது வங்கிக்கு அரசு கொடுத்த உரிம எண், கறுப்பில் இரண்டே இடத்தில் இருந்ததால் முதல் வகை. இரண்டாம் வகையில் அதே எண் பழுப்பு நிறத்தில் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கும்.

சார்ட்டர் எண்ணை வைத்துப் பழைய பதிவுகளைத் தேடினேன். முதல் வகையில் ஒரு தாளுக்கு ஆறு நோட்டு. ஆறுக்கும் வரிசை எண் ஒன்றுதான், முன்னெழுத்து மட்டும் மாறும். அந்த வங்கியின் கடைசித் தாள் எண் 412. ஆக மொத்தமே 2,472 நோட்டுகள்! சேகரிப்போர் கணக்கில் இன்று ஐந்துதான் தெரியவந்திருக்கின்றன. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

கழுவவோ அழுத்தித் தேய்க்கவோ கூடாது என்று எல்லோரும் எச்சரித்தார்கள். மடிப்போடு அப்படியே கிரேடிங்குக்கு, அதாவது நோட்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களுக்கு, அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து 70-க்கு 20 என்ற மதிப்பெண்ணோடு திரும்பியது, குறை எதுவும் குறிக்காமல். ஒரு வியாபாரி 600 டாலர் தருவதாகச் சொன்னார். மனசு வரவில்லை. இதே வங்கி இரண்டாம் வகையும் வெளியிட்டதாகப் பதிவு இருக்கிறது. இதுவரை ஒன்றுகூட வெளியே வரவில்லை. அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.