கேஷுவாலிட்டி நர்ஸ்களுக்கு டெலிரியம் பயிற்சி: இடறிய இடங்களும் வழி கிடைத்த இடங்களும்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில், உடம்புக் கோளாறால் முதியவர்களுக்குத் திடீரென்று வரும் டெலிரியத்தை (புத்திக் குழப்பத்தை) நர்ஸ்களே முதலில் கண்டுபிடிக்கப் பயிற்சி நடத்தி முடித்திருக்கிறேன். டெலிரியம் என்றால் என்ன என்று இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. சொல்லிக்கொடுக்கப் போனால் என்னவெல்லாம் குறுக்கே வரும் என்பது அடுத்து நடத்தப்போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அனுமதிக் கடிதத்திலேயே வினை ஆரம்பித்தது. "குழப்பம்னா மனநலப் பிரிவுக்குல்ல எழுதணும் சிஸ்டர்" என்று கிளார்க் திருப்பிவிட்டார். அங்கே போனால், "காய்ச்சல், உப்பு குறையறது எல்லாம் பொது மருத்துவம், எங்களுக்கு இல்ல" என்றார்கள். கேஷுவாலிட்டி பொறுப்பு மருத்துவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. முதலிலேயே அவரிடம் போய்விடுங்கள், அலைச்சல் மிச்சம்.

அனுமதி வந்த பிறகும், தருவதாகச் சொன்ன ஹாலை வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கிடைத்த சின்ன அறையில் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் நைட் டூட்டி முடித்தவர்கள். பஸ் பிடித்துப் பாம்பனுக்கும் கீழக்கரைக்கும் போகவேண்டியவர்களை, கண் சொக்கச் சொக்க உட்காரவைத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது அநியாயம். இன்னும் ஆறவில்லை எனக்கு. அன்றோடு வகுப்பறையை விட்டுவிட்டேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கட்டில் பக்கத்திலேயே நின்று, உள்ள நோயாளியை வைத்தே கால்மணி நேரம் சொல்லிக்கொடுத்தோம். அதில்தான் விஷயம் ஏறியது.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஃபோர் ஏடி (4AT) என்ற சோதனை. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விழிப்பு நிலை எப்படி, வயது - பிறந்த தேதி - இடம் - வருடம் சொல்கிறாரா, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா, திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ உண்டா என்று நான்கு பகுதி. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியமாக இருக்கலாம், டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

தாளில் சுலபம். எங்கள் ஊர் அப்பத்தாக்களிடம் பிறந்த தேதி கேட்டால்? ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும், அது அவர்களுக்கே தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவர்கள் டிசம்பர், நவம்பர் என்று எங்கே பின்னால் போவது! நல்ல தெளிவோடு இருக்கிற பாட்டிக்கும் மதிப்பெண் ஏறிவிட்டது. பொறுப்பு மருத்துவரிடம் பேசி, அப்படிப்பட்டவர்களிடம் கிழமைகளைப் பின்னோக்கிக் கேட்டோம். ஞாயிறு, சனி, வெள்ளி எல்லோருக்கும் வரும். எதைக் கேட்டோம் என்பதைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட் ஒப்பிட முடியாது.

ராமேஸ்வரம் வரும் வடநாட்டு யாத்ரீகர்களிடம் மொழியே இல்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள். கூப்பிட்டுத் தட்டி எழுப்பியும் பேச்சின் நடுவே தூங்கி விழுகிறார் என்றால் அதற்கு மட்டுமே 4. கூட வந்தவரிடம் இந்தி தெரிந்த யாரையாவது வைத்து "நேத்து எப்படி இருந்தார்?" என்று கேட்டுத் திடீர் மாற்றம் உறுதியானால் அதற்கும் 4.

எல்லோரையும் ஏமாற்றுவது பழைய ஞாபகம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதை ஒரு அய்யா காற்றின் திசை முதற்கொண்டு சொல்வார். "ஞாபகம் நல்லாத்தான் இருக்கு" என்று சிஸ்டர்கள் நகர்ந்துவிடுவார்கள். டெலிரியத்தில் முதலில் உடைவது கவனம். அறுபது வருடக் கதையைச் சொல்லும் அதே அய்யாவால் வெள்ளிக்கு முந்தைய கிழமையைப் பிடிக்க முடியாது.

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கேஸ் ஷீட்டில் "சோர்வு, சாப்பிடவில்லை" என்று மட்டும். காய்ச்சல் இல்லை, பிரஷர், சுகர் சரி. சத்தம் போடாமல் படுத்திருந்ததால் டிரிப்ஸ் போட்டு ஓரமாக விட்டிருந்தார்கள். இரண்டு விரல் மட்டும் போர்வை நூலைப் பிடித்து இழுத்து, சுற்றி, முடிந்து, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. "அய்யா வலை கட்டுறாரு சிஸ்டர், செஞ்ச கை சும்மா இருக்குமா" என்றார் மகள். பயிற்சிக்கு வந்திருந்த இளம் சிஸ்டர் விடவில்லை. "வீட்லயும் இப்படித்தான் கட்டுவாராக்கா?" "இல்ல, முந்தாநாள்லேர்ந்துதான்." கிழமை கேட்டால் சனியிலேயே நின்றுபோனார். அடிவயிறு கல்லாக இருந்தது. மருந்துப் பையைக் கட்டில் மேல் கொட்டினால், மெடிக்கலில் வாங்கிய சளி மாத்திரை. அந்த மாத்திரைக்கே வயதானவர்களுக்கு மூத்திரமும் அடைக்கும், மூளையும் குழம்பும். டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்குப் பக்கமாக வடிந்தது. மாத்திரையை நிறுத்தி, இரண்டு நாளில் "என் கண்ணாடிய எங்கத்தா வச்ச?" என்று மகளைக் கேட்டார். அந்த சிஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கத்துகிற நோயாளியை எல்லோரும் பார்ப்போம். இப்படி அமைதியாகக் கிடப்பவர்தான் நம் கண்ணுக்குத் தப்பிப்போகிறார்.

கண்ணாடி, காது மெஷின், பல் செட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். கையைக் கட்டிப்போட்டாலும் ஊசி போட்டுத் தூங்கவைத்தாலும் குழப்பம் கூடத்தான் செய்யும். முதலில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு), சுகர், உப்பு, மூத்திரம், மலச்சிக்கல், வலி, மருந்துப் பை எல்லாம் பாருங்கள். குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கமா என்று வீட்டாரைத் தனியாகக் கேளுங்கள், அதற்கு வைத்தியம் வேறு. "ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். "வேண்டிக்கங்கம்மா, அதுக்கு முன்ன ரத்தம் பார்த்துருவோம்" என்று எங்கள் சீனியர் சிஸ்டர் சொல்வதுதான் சரியான பதில்.

கடைசியாக ஒரு சிக்கல். வார்டுக்கு மாற்றும்போது எங்கள் சோதனைத் தாள் தனித்தாளாகப் போய், அங்கே கழற்றி எறியப்பட்டது. கேட்டதற்கு "இது கேஸ் ஷீட்ல சேராது" என்று பதில். அச்சடித்துச் சேர்க்க எழுதிக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. அதுவரை நர்ஸ் குறிப்பிலேயே மதிப்பெண்ணையும் நேரத்தையும் சிவப்பு மையில் எழுதி, ஒப்படைக்கும்போது வாயாலும் சொல்கிறோம். அந்தப் பக்கத்தை யாரும் கிழிக்க முடியாது.