ஓக் பலகைத் தரை: ஒரு ஹால், ஒன்பது மாதம்

செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்த வேலை. கனடாவில், ஸ்கார்பரோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் ஹாலில் கனமான கார்ப்பெட் கிடந்தது. எவ்வளவு வேக்யூம் போட்டாலும் தூசி போகவில்லை. அதைப் பிய்த்தெடுத்துவிட்டு மரத்தரை போடுவது என்று முடிவு செய்தோம். 16 அடிக்கு 13 அடி, அதாவது 208 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் கூட்டிக்கொண்டு, 20 சதுர அடிப் பெட்டிகளாக 12 பெட்டி சிவப்பு ஓக் வாங்கினேன். முக்கால் அங்குலக் கனம், 3¼ அங்குல அகலம், பாலிஷ் ஏற்றியே வரும் பலகை.

"ரெண்டு நாள் பெட்டியை அறையிலேயே வைங்க, அப்புறம் அடிச்சிடலாம்" என்று கடையில் சொன்னார்கள். நல்ல வேளையாக, அதற்கு முன்பே இரண்டு ஊசி வைத்துக் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று வாங்கியிருந்தேன். அதில் ஓக் என்று மாற்றி வைத்துத்தான் பலகையைக் குத்த வேண்டும். பெரும்பாலும் டக்ளஸ் ஃபர் மரத்துக்கு அளவு பிடித்துத்தான் இந்தக் கருவிகள் வருகின்றன. பலகையில் 7 சதவீதம் காட்டியது. கீழே இருந்த ப்ளைவுட்டில் 12. மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகை என்றால் இந்த வித்தியாசம் 2-ஐத் தாண்டக் கூடாது. கோடை முழுக்க ஜன்னலைத் திறந்தே வைத்திருந்ததில் ப்ளைவுட் ஈரத்தைக் குடித்திருந்தது. அப்படியே அடித்திருந்தால் அந்த ஈரம் பலகையின் அடிப்பக்கம் ஏறி, அடி மட்டும் ஊதி, இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நடுவில் குழி விழுந்திருக்கும்.

எல்லோரும் பலகையை வீட்டுக்குப் பழக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். என் விஷயத்தில் காய வேண்டியது வீடுதான். பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் மெஷினை 12 நாள் ஓடவிட்டேன். ப்ளைவுட் 9-க்கு இறங்கியது.

அந்த நாட்களில் கிறீச் சத்தத்தைக் கவனித்தேன். மனைவி அறை முழுக்க மெதுவாக நடக்க, சத்தம் வந்த இடத்தில் எல்லாம் நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அடியில் உள்ள சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடுகிறது. அதைப் பிடித்து 2 அங்குல ஸ்க்ரூவை வரிசையாக இறக்கினேன். மேலே பலகை விழுந்தபின் இதைச் செய்யவே முடியாது. ஒரு ப்ளைவுட் இணைப்பு மேடாக இருந்தது, அதைத் தேய்த்து ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சரி செய்தேன்.

அக்டோபர் இரண்டாவது வாரம் தார்க்காகிதம் விரித்து முதல் வரிசை வைத்தேன். பலகை அடிச்சட்டங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும். சுவரை நம்பி வரிசை பிடிக்கவில்லை, சுவரே அரை அங்குலம் கோணல். நூலில் சாக் தூள் தடவிக் கோடு அடித்து, சுவரிலிருந்து முக்கால் அங்குலம் விட்டு, முதல் வரிசையின் மேலிருந்தே ஆணி அடித்தேன். அதன் பிறகு காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் மெஷின். ஒவ்வொரு பலகையிலும் ஒரு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, மறு விளிம்பில் அது நுழையும் பள்ளமான காடி. நாக்கின் மேல் மெஷினை உட்கார வைத்துச் சுத்தியலால் தட்டினால் 45 டிகிரி சாய்வில் ஆணி உள்ளே போகும். அடுத்த பலகையின் காடி வந்து அதை மூடிக்கொள்ளும். 8 அங்குலத்துக்கு ஓர் ஆணி.

ஒன்பதாவது வரிசை முடிந்ததும் அளந்து பார்த்தேன். ஒரு முனை கோட்டிலிருந்து கால் அங்குலம் விலகியிருந்தது. சுத்தியலின் ஒவ்வோர் அடியும் முதல் வரிசையைச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியிருக்கிறது. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒன்பது வரிசையையும் பிரிக்க ஆரம்பித்தேன். இந்த ஆணியின் உடம்பில் பல் வெட்டியிருக்கும், சுலபத்தில் வராது. கடப்பாரையை மெல்ல நெம்பினால் முதலில் ப்ளைவுட் முனகும், பிறகு பலகையின் நாக்கு நார் நாராகக் கிழியும். 14 பலகை போயிற்று. மறுநாள் சுவருக்கும் முதல் வரிசைக்கும் நடுவே முக்கால் அங்குல மரத்துண்டுகளை முட்டுக் கொடுத்துவிட்டு அடித்தேன். அப்புறம் ஒரு வரிசையும் நகரவில்லை. முடிந்ததும் முட்டுகளை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

மெஷினுக்குக் காற்று தரும் கம்ப்ரெசரின் அழுத்தத்தையும் முதலில் கழிவுப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடினால் நாக்கு பிளக்கும், குறைந்தால் ஆணித்தலை துருத்திக்கொண்டு அடுத்த பலகையை உட்காரவிடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை பலகை தேர்ந்தெடுத்துப் பரப்புவது. நான்கு பெட்டியை ஒன்றாகப் பிரித்து, நிறம், நீளம் கலந்து, பத்து வரிசையைத் தரையில் அடுக்கி வைப்பேன். பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் இணைப்பு 8 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். கதவு நிலையைச் சுற்றிப் பலகையை நறுக்கவில்லை. ஒரு துண்டுப் பலகையை நிலையின் பக்கத்தில் படுக்க வைத்து, அதன் மேல் கைரம்பத்தைப் படுக்கையாக ஓட்டி நிலையின் அடியை அறுத்தேன். பலகை கச்சிதமாக உள்ளே நுழைந்துகொண்டது. சிவப்பு ஓக்கை அறுக்கும்போது ஒரு புளித்த வாசனை வரும், வீடே மணக்கும்.

நான்கு வார இறுதிகள் ஆயின. 47 முழு வரிசை, கடைசியில் 1¾ அங்குலத்துக்குக் கிழித்த ஒரு பலகை. அங்கே மெஷின் நுழையாது, மேலிருந்துதான் ஆணி அடிக்க வேண்டும். அந்தத் தலைகளைச் சுவரடியில் ஓடும் மரப்பட்டியான பேஸ்போர்ட் மறைத்துவிட்டது.

ஜனவரியில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. சில இடங்களில் ஏடிஎம் கார்டு நுழைந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடி ஓடி அறையின் ஈரப்பதம் 22 சதவீதத்துக்கு வந்திருந்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். சிவப்பு ஓக்கில் ஈரம் 1 சதவீதம் இறங்கினால் 3¼ அங்குலப் பலகை சுமார் 0.3 மி.மீ. குறையும். மூன்று சதவீதம் என்றால் 0.9 மி.மீ. 47 வரிசைக்குப் பெருக்கினால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வருகிறது! சுவரோரம் விட்ட அந்த முக்கால் அங்குலத்தின் அருமை அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மரம் ஊதும்போதும் இதே கணக்குதானே. இடைவெளியில் மக்கு வைத்து அடைக்கவில்லை. அடைத்தால் கோடையில் பலகை ஊதும்போது மக்கைப் பிதுக்கித் தள்ளிவிடும். காற்றில் ஈரம் கூட்டும் ஹ்யூமிடிஃபையர் போட்டு 38 சதவீதத்தில் நிறுத்தினேன். மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் மூடிக்கொண்டது.

மார்ச்சில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தார். சிவப்பு ஆக்ஸைடு தரையை நாற்பது வருடம் தண்ணீர் விட்டுத் துடைத்தே கண்ணாடி போல வைத்திருந்தவர். வந்த மறுநாளே வாளியோடு நின்றார்.

"வேணாம்மா, தண்ணி நின்னா ஓரம் தூக்கிக்கும்."

"தண்ணி விடாம துடைச்சா அது துடைச்சதாடா?"

நான் ஒரு வெட்டுத்துண்டை ராத்திரி முழுக்கத் தண்ணீர்த் தட்டில் போட்டு வைத்து, காலையில் புதுத் துண்டோடு சேர்த்து அம்மா கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் இரண்டின் அகலத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, "அரிசி மாதிரி ஊறுதேடா" என்றார். அதன் பிறகு தினமும் உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப்தான். கறை இருந்தால் மட்டும் நன்றாகப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி. வினிகர், நீராவி மாப் இரண்டும் கிடையாது. மெழுகும் போடுவதில்லை, போட்டால் பின்னாளில் மேல்பூச்சு பிடிக்காது. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டியிருக்கிறேன். வாசலில் இரண்டு மிதியடி. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் மணலும் பூட்ஸோடு உள்ளே வந்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான்.

இப்போது ஜூன். கார்டு எங்கேயும் நுழையவில்லை. அடுத்தது மாடி அறை. இன்னும் பலகை வாங்கவில்லை. நேற்று அங்கே கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிக் குத்திப் பார்த்தேன், ப்ளைவுட் 11.