பழி டர்போவின் மேல்

ஜூன் 8

தாளவாடியில் ஒரு தோட்டத்து மோட்டாருக்குக் கடைந்து கொடுத்த ஷாஃப்டுகளை நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். சத்தியமங்கலம் வரை வண்டி ஒரு குறையும் காட்டவில்லை. பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதை தொடங்கியதும் குணம் மாறிவிட்டது. 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இரண்டாம் கியருக்கு இறக்கி மிதிக்கும்போது, நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு மேல் வர வேண்டிய இழுவை வரவில்லை. பின்னால் கறுப்புப் புகை. கண்ணாடியை இறக்கினால் முன்பக்கத்திலிருந்து ‘உஸ்’ என்ற சத்தம். மிதியிலிருந்து காலை எடுத்தால் சத்தமும் நின்றுவிடுகிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. டீசல் எஞ்சினுக்குச் சுமை ஏறும்போதுதான் அது முழு வேலை செய்யும். ஆகவே மேட்டில் மட்டும் வருகிற நோயைக் காற்றுப் பக்கம்தான் தேட வேண்டும்.

ஜூன் 9

சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகினார்கள். பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், குறைவு என்று பி0299 பிழை வந்தது. உடனே, “டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று தீர்ப்பு. ஒரு ஹோஸைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அந்தப் பிழை எண் சொல்வது, கேட்ட அழுத்தம் எஞ்சினுக்கு வந்து சேரவில்லை என்பதை மட்டுமே. எங்கே தொலைந்தது என்று அது சொல்வதில்லை. இதை வைத்துக்கொண்டு ஒருவரிடம் டர்போவுக்குப் பணம் கேட்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜூன் 10

திருச்செங்கோட்டு அண்ணனிடம் போனில் பேசினேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் கம்ப்ரசர்களில் பல காலம் வேலை பார்த்தவர். “அம்மிணி, காற்றை உண்டாக்குகிற இடத்தைச் சந்தேகப்படும் முன், அது போகிற வழியைப் பாருங்கள்” என்றார்.

நியாயம்தான். வடிகட்டியைத் தாண்டியதும் உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் அளந்துவிடுகிறது. பிறகு டர்போ அதை அழுத்தி, சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்கு அனுப்புகிறது. நடுவில் கசிந்தால், கணக்கில் இருக்கும் காற்று சிலிண்டரில் இருக்காது. அந்தக் கணக்கை நம்பி விடப்பட்ட டீசல் முழுதாக எரியாமல் புகையாகிறது. குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல்கிறது. கசிவை அப்படியே விட்டால் நல்ல டர்போவும் கெடும்; புது டர்போ போட்டாலும் அதே கதிதான்.

டர்போவின் வாய்க்குழாயைக் கழற்றி அச்சை ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் உண்டு. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் அச்சுக்கு அது இயல்பு. முன்னும் பின்னும் நகரவில்லை, இறக்கைகள் எங்கும் உரசவில்லை. இந்த டர்போ இறக்கவில்லை.

ஜூன் 11

சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்கிவிட்டேன். சாவியை மட்டும் திருப்பி எஞ்சினை ஓட்டாமல் பார்த்தால், எஞ்சினுக்குள் போகும் வழியில் காற்றழுத்தம் 96 கிலோபாஸ்கல். அது கோயம்புத்தூரின் காற்றழுத்தம். ஊர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. டர்போவின் பங்கு அதற்கு மேல் வருவதுதான். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தபோது எஞ்சின் கேட்டது 210, கிடைத்தது 160.

ஜூன் 14

கணபதியில் பட்டறை வைத்திருப்பதன் பயன் இன்று கிடைத்தது. காற்றை ஏற்றிக் கசிவைத் தேடுவதற்காக, நைலான் உருளை ஒன்றை லேத்தில் ஏற்றி, டர்போ வாய்க்கு ஏற்ற மூடி கடைந்தேன். கிளாம்ப் நழுவாமலிருக்க விளிம்பில் ஒரு மேடு விட்டேன். நடுவில் 11.5 மில்லிமீட்டர் துளை போட்டு, ட்யூப்லெஸ் டயருக்குப் போடும் வால்வை இழுத்துப் பொருத்தினேன். லேத் இல்லாதவர்கள் பி.வி.சி. குழாய் மூடியில் இதையே செய்யலாம்.

மூடியை டர்போவின் வாயிலேயே போட வேண்டும். வடிகட்டிப் பக்கம் போட்டால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் மூச்சுக்குழாய் வழியாக அழுத்தம் எஞ்சினுக்குள் இறங்கி எண்ணெய் சீல்களைத் தள்ளிவிடும்.

ஜூன் 15

ஞாயிறு, பட்டறைக்கு விடுமுறை. அண்ணன் வந்துவிட்டார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளியே வீசிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் கசிவைக் காதால் கண்டுபிடிக்க முடியாது என்று ஷட்டரை இறக்கிவிட்டோம்.

எஞ்சின் ஆறியிருந்தது. கியர் நியூட்ரலில், கை பெல்ட்டுக்கு அருகே போகாமல் வேலையைத் தொடங்கினோம். உள்ளே ஏறும் காற்று எஞ்சினைச் சற்றே திருப்பிவிடக்கூடும். கம்ப்ரசர் தொட்டியில் 120 பி.எஸ்.ஐ. இருந்தாலும் ரெகுலேட்டரில் 5 வைத்துத் தொடங்கி 15க்கு மேல் போகவில்லை. எஞ்சின் வழக்கமாகக் காணும் பூஸ்டைத் தாண்டி ஏற்றினால் நல்ல இணைப்பும் பிய்ந்துவிடும்.

அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது. அதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. திறந்திருக்கும் வால்வுகள் வழியாகக் கொஞ்சம் காற்று எப்போதும் போகும், எந்த எஞ்சினும் டயர்போல் அடைத்துப் பிடிக்காது. சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளித்தோம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மானிஃபோல்டின் சென்சாரில், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் அருகில் மட்டும் சிறு நுரை. இவ்வளவு இழுவையைத் தின்பதற்கு அது போதாது.

அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் இழுத்துப் பிடித்தார். “இப்போது தெளியுங்கள்.” தெளித்த சோப்பு நுரைக்கவே இல்லை, சீறிக்கொண்டு அவர் முகத்தில் தெறித்தது. பெரிய கசிவு நுரை கட்டாது, தண்ணீரையே ஊதித் தள்ளிவிடும்.

ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் ஓரத்தில் நீளமான பிளவு. எஞ்சின் சும்மா நிற்கும்போது அதன் உதடுகள் மூடிக்கொள்கின்றன. மேட்டில் மிதிக்கும்போது எஞ்சின் தன் தாங்கிகளில் சாய்ந்து ஹோஸை இழுக்க, பிளவு வாய் திறக்கிறது. சமவெளியில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை அதுவே.

பிளவைச் சுற்றிலும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தன. மூச்சுக்குழாய் வழி வரும் எண்ணெய் ஆவி ரப்பரை ஊற வைத்து மென்மையாக்குகிறது. பல்வரிசை வெட்டிய மலிவு கிளாம்ப் அந்த இடத்தில் மெல்ல அறுத்திருக்கிறது.

ஜூன் 17

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இதே ஹோஸ் கிடைக்கும். எண்ணெயில் ஊறிய ரப்பரை இன்னொரு முறை வாங்க மனமில்லை. புதியதே போட்டேன். சிலிகான் ஹோஸ் போடச் சொன்னார்கள். சாதாரண சிலிகானும் எண்ணெய்க்கு இளகும், உள்ளே ஃபுளோரோ பூச்சு இருந்தால்தான் தாங்கும். கிளாம்ப் மட்டும் மாற்றினேன்: வழவழப்பான பட்டையும் போல்ட்டும் உள்ள வகை. குழாய் முனையை எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, விளிம்பு மேட்டுக்கு உட்புறமாகப் பட்டை உட்காரும்படி இறுக்கினேன். ஓ-ரிங்கும் புதிது.

மீண்டும் மூடி போட்டு, ஹோஸை இழுத்தபடியே சோதித்தேன். சுத்தம்.

ஜூன் 22

அதே சுமையுடன் திம்பம் ஏறினேன். கேட்டது 210, கிடைத்தது 206. புகை இல்லை. மேலே நின்று சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால் 89. மலையில் காற்றே மெலிந்துவிடுவதால் டர்போவின் உழைப்பு இன்னும் முக்கியமாகிறது. இறங்கி வந்ததும் கிளாம்ப்பை ஒரு முறை இறுக்கினேன், சூடு பட்டுப் புது ரப்பர் அமுங்கியிருந்தது.

இன்டர்கூலரின் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பில் ஓரிடத்தில் எண்ணெய்க் கறை தெரிகிறது. சோதனையில் அங்கே நுரை வரவில்லை. துடைத்து வைத்திருக்கிறேன், கறை திரும்பினால் மூடியை மறுபடி மாட்ட வேண்டும். அதுவரை மூடி திருச்செங்கோட்டில் இருக்கட்டும், அண்ணன் ஒரு டெம்போவுக்குக் கேட்டிருக்கிறார்.