சரியான கடவுச்சொல்

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறைக் கணினிக்கூடத்தில் பதினோர் ஆண்டுகள் தொழில்நுட்ப அலுவலராகப் பணியாற்றினேன். மாணவர் கணக்குகளைத் திறப்பதும் மூடுவதும், இடையில் அவை முரண்டு பிடித்தால் சரிசெய்வதும் என் பொறுப்பு. என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்தான்: "பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை." நானும் தொடக்கத்தில் அதை அப்படியே நம்பி, மறுபேச்சின்றிப் புதிய கடவுச்சொல் ஒன்றை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கத்தை மாற்றியவர் திருச்சியிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஓர் இறுதியாண்டு மாணவர். ஆய்வறிக்கையை ஒப்படைக்க ஒரே நாள் இருந்தது. "அண்ணே, பாஸ்வேர்ட் போட்டா ஒரு நொடி திரை கறுப்பாகுது, திரும்ப லாகின் பக்கத்துக்கே வந்து நிக்குது" என்றார். அன்று காலையிலிருந்து மூன்று முறை கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்திருந்தோம். அதில் இரண்டு முறை மாற்றியது நானே. கடவுச்சொல் தவறென்றால் 'தவறு' என்று கணினி சொல்லியிருக்க வேண்டுமே, அது எதற்காகக் கறுத்துத் திரும்புகிறது என்ற எளிய கேள்வி எனக்கு அதுவரை எழவே இல்லை என்பதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினி அது. கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப் ஒன்று விசையையும் சேர்த்து அழுத்தி, எழுத்துகள் மட்டும் தெரியும் கறுப்புத் திரைக்குப் போய் அங்கே நுழைந்து பார்க்கச் சொன்னேன். உடனே உள்ளே விட்டது. ஆக, கடவுச்சொல் காலையிலிருந்தே சரிதான். கோட்டாவை, அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் வட்டில் ஒதுக்கிய இட வரம்பைப் பார்த்தால், அவருக்குரிய 50 எம்பி இடமும் துடைத்து வைத்தாற்போல் தீர்ந்திருந்தது. சாளரங்களும் படங்களும் கொண்ட வரைகலைத் திரை தொடங்கும்போது பயனரின் வீட்டு அடைவில் (அவருடைய சொந்தக் கோப்புறையில்) சில சிறு கோப்புகளை எழுத வேண்டும். எழுத இடமில்லாததால் அது தொடங்கிய வேகத்திலேயே மூடிக்கொண்டிருக்கிறது. கோட்டாவுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. முதல் வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கையும் சில நாள் அவகாசமும் கிடைக்கும். இரண்டாவதை எட்டிவிட்டால் ஒரு பைட்டுகூட எழுத முடியாது. எச்சரிக்கையோ எழுத்துத் திரையில் மட்டுமே வரும், அதை எந்த மாணவரும் பார்ப்பதில்லை.

இடத்தை விழுங்கியிருந்தது 'கோர்' என்ற ஒற்றைக் கோப்பு. அவர் 'சி' மொழியில் எழுதிய நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டு விழுந்தபோது, விழுந்த கணத்தில் இருந்த நினைவகத்தை அப்படியே படியெடுத்து இயங்குதளம் அங்கே கொட்டிவிட்டுப் போயிருந்தது. அதை அழித்ததும் வழக்கமான திரை வந்தது. அவர் கோப்புகளைப் பட்டியலிட்டபோது நடுவில் நான்கைந்து தமிழ் எழுத்துருக்களும் கிடந்தன; 1999-இல் டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியாக்கத் தரங்கள் வந்த பின்னும் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கேட்ட காலம் அது. "இதையும் அழிக்கணுமாண்ணே?" என்றார். அவற்றின் எடை ஒன்றுமே இல்லை, இருக்கட்டும் என்றேன்.

அதன் பிறகு, கோட்டாவைப் பார்க்காமல் யாருக்கும் கடவுச்சொல்லை மாற்றித் தரக்கூடாது என்று எங்கள் மேசையில் எழுதி ஒட்டினேன். கோர் கோப்பு உருவாகாதபடி அதன் அளவு வரம்பைத் தொடக்கத்திலேயே சுழியமாக்கும்படியும் அமைத்தோம்.

இதைவிடச் சங்கடமான கோரிக்கை ஒன்று உண்டு. வீட்டில் துக்கம் என்று ஊருக்குப் போய்விட்ட அறைத்தோழியின் கணக்கில் குழுத்திட்டத்தின் கோப்புகள் மாட்டிக்கொண்டன என்று ஒரு மாணவி வந்து நின்றாள். "அவளே எடுத்துக்கச் சொல்லிட்டா அண்ணே, நம்ம ஊர்ப் பொண்ணுதான்" என்றாள். எந்தக் கணக்கையும் திறக்கவல்ல 'ரூட்' உரிமை என் கையில் இருந்தது, எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் போதும். ஆனால் 1993-இல் வந்த கணினி முறைகேட்டுச் சட்டப்படி, அனுமதியின்றி நுழைந்ததற்கு முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, 'நம்ம ஊர்' என்பதற்காக ஒரு கணக்கைத் திறந்தால், அடுத்து வரும் சீன மாணவரிடமோ மலாய் மாணவரிடமோ எந்த முகத்தோடு மறுப்பேன்? தோழி தன் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து விரிவுரையாளருக்கும் எனக்கும் நான்கு வரி எழுதட்டும் என்றேன். மாணவி முகம் சுளித்துக்கொண்டுதான் போனாள். மறுநாள் காலை மடல் வந்தது. அதில் பெயர் சொல்லியிருந்த ஓர் அடைவை மட்டும் படியெடுத்துக் கொடுத்தேன்.

யோசித்துப் பார்த்தால் தவறு எங்களுடையதும்தான். குழுவாகச் செய்யும் வேலைக்குத் தனியொருவரின் கணக்கைத் தவிர வேறு இடமே தராமல் விட்டுவிட்டு, கடவுச்சொல்லைப் பகிராதே என்று சுவரில் எழுதினால் யார் கேட்பார்கள்? அடுத்த பருவத்தின் முதல் வாரத்திலேயே, ஒவ்வொரு திட்டக்குழுவுக்கும் அதன் உறுப்பினர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடிய பொது அடைவு ஒன்றைத் திறந்து வைத்தேன். அதற்குத் தனிக் கோட்டா கேட்டு மூன்று கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது.