தலையணையில் 118, மணிக்கட்டில் 92

ஜனவரி 6
இரவு 2.10. தலையணையில் 118, மணிக்கட்டில் 92.

ஜனவரி 7
முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவதெல்லாம் சீராக ஓடும் இதயத்துக்கு. மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனில் இந்தப் பதினைந்து வினாடியும் அடுத்த பதினைந்து வினாடியும் ஒத்துப்போகாது.

என் இதயத்தில் வைத்திருக்கும் செயற்கை வால்வான சித்ரா வால்வின் தட்டு உலோகமில்லை, உறுதியான பிளாஸ்டிக். அதனால் சத்தம் மெல்லிசு. இடது பக்கம் சாய்ந்து, காதைத் தலையணையில் அழுத்தினால் டிக், டிக் என்று கேட்கும். தட்டு ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒன்று. அறை சரியாக நிரம்பும் முன்பே சுருங்கிவிடும் துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. இன்று வித்தியாசம் 26. பி.பி. மெஷின் காட்டும் நாடி கைக்கு வந்து சேர்ந்ததன் கணக்கு மட்டுமே. "92 தானே, பரவாயில்லை" என்பவர்களுக்கு இந்த 26 தெரிவதில்லை.

ஜனவரி 9
பழைய இ.சி.ஜி. கறுப்பாகிக் கிடக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்ததன் பலன். அது வெப்பத்தில் எழுதும் தாள். லேமினேஷன் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் வெளுத்துப்போகும், பசை தடவினாலும் அப்படித்தான். எடுத்த அன்றே ஜெராக்ஸ், கூடவே போனில் ஒரு படம். தேதியும் மணியும் பேனாவால் எழுத வேண்டும். மெஷினின் கடிகாரத்தை யாரும் சரிசெய்வதில்லை.

ஜனவரி 13
ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், ஐ.என்.ஆர். 5.1.

அதே நாள், மாலை
வேறு லேபில் 3.3. இலக்கு 2.5 முதல் 3.5 வரை, ஆகவே சரி. காலையில் நீல மூடிக் குழாயில் பாதிதான் ரத்தம் எடுத்தார்கள். உள்ளே இருக்கும் சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு என்பது கணக்கு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும், உறைய நேரமாகும், எண் பொய்யாக ஏறும். குழாயில் கோடு இருக்கிறது, அதுவரை நிரம்புகிறதா என்று பார்த்தால் போதும். இன்று போகி; நாளை லேப் பூட்டு. மாலையே திரும்பப் பார்க்காமல் ரத்தம் உறையாமல் காக்கும் ஆசிட்ரோம் மாத்திரையை நிறுத்தியிருந்தால் பொங்கல் முடிவதற்குள் 2க்குக் கீழே போயிருக்கும்.

ஜனவரி 16
ஆசிட்ரோம் சாப்பிட்டால் கீரை கூடவே கூடாது என்று இன்னொருவர். கூடும். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். அளவு மாறினால்தான் தொந்தரவு.

ஜனவரி 21
உட்கார்ந்தால் 132. மாடி ஏறி இறங்கினால் 132. அரைமணி நேரம் படுத்த பிறகும் 132. பதற்றத்தில் நாடி ஏறும், இறங்கும். இப்படி ஆணி அடித்தாற்போல் நிற்காது. மேலறை 264 சுற்றுகிறது, இரண்டுக்கு ஒன்று கீழே இறங்குகிறது. ஃப்ளட்டர், மேலறையில் மின்னோட்டம் ஒரே வட்டமாகச் சுற்றும் கோளாறு. வழக்கமாக 300க்கு 150. துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன் சுற்றை மெதுவாக்கியதால் 264.

கேஷுவாலிட்டியில் "டென்ஷன், சைனஸ்" என்றார்கள், அதாவது இயல்பான துடிப்புதான் வேகமாகிறது என்று. பிறகு அடினோசின் ஊசி 6 மி.கி., அதற்கு மசியாமல் 12. முழங்கை நரம்பில் ஒரே வீச்சில் தள்ளி, பின்னாலேயே சலைன். சில வினாடிகள் கீழறை நின்று, ஒளிந்திருந்த ரம்பப் பல் அலை மானிட்டரில் வரிசையாக ஓடியது. இ.சி.ஜி. தாள் ஓடவில்லை. மெஷினை யாரும் போடவில்லை.

ஃப்ளட்டர் என்று காட்டும் அந்த ஒரு துண்டுத் தாளுக்குத்தான் இத்தனை நாள் காத்திருப்பு.

ஜனவரி 22
அடுத்த முறை ஊசியை உறிஞ்சும்போதே சொல்ல வேண்டும்: "சார், பன்னிரண்டு லீடும் மாட்டி, தாளை ஓடவிட்டுப் போடுங்க."

ஜனவரி 27
டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. வால்வு வைத்தபோது எழுதிய ஆபரேஷன் நோட்ஸ் வேண்டும். வலது மேலறையை எங்கே கீறினார்கள், இதய நுரையீரல் மெஷினின் குழாய்களை எங்கே செருகினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மின்னோட்டம் அந்தத் தழும்பைச் சுற்றியும் ஓடலாம். ரெக்கார்ட்ஸ் பிரிவில் "அவ்வளவு பழசு இல்லை" என்று பதில். அறுவை செய்தவரின் பிரிவில் தனியாக ஒரு பதிவேடு இருக்கலாம். எழுத்தில் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 2
தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். 11.8. எதிர்பார்த்ததே. 200 மி.கி. அமியோடரோன் மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின்; உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 0.15. நிறுத்தினாலும் மருந்து உடனே போகாது, கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் கசியும். ஆரம்பித்தபோது ஆசிட்ரோமை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம். அமியோடரோனை நிறுத்தினால் ஐ.என்.ஆர். மெல்ல மெல்ல இறங்கும், அதற்கேற்ப ஆசிட்ரோமை ஏற்ற வேண்டிவரும். வாரம் ஒரு டெஸ்ட்.

"ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைக்கு மாறலாமே?" செயற்கை வால்வுக்கு அது ஆகாது. தபிகாட்ரானை வைத்துச் செய்த ஆய்வில் ரத்தக்கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது, 2013ல் வெளியானது. இன்னும் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 8
டிக் சத்தம் மழுங்கியது போல் இருந்தது. காதில் தண்ணீர். நிஜமாக மழுங்கினால், கூடவே மூச்சும் வாங்கினால், தட்டில் ரத்தக்கட்டி என்று எடுத்துக்கொண்டு அன்றே ஓட வேண்டும்.

பிப்ரவரி 15
பதிவேடு கிடைத்தது! வலது மேலறையில் நீளவாட்டில் கீறல். அப்படியானால் சுற்று வலது பக்கமே இருக்க வாய்ப்பு. தொடை நரம்பு வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, மின்னோட்டம் சுற்றும் இடத்தை அங்கேயே சுட்டுவிட்டு வரலாம், வால்வுப் பக்கம் போக வேண்டியதில்லை. இடது மேலறைக்குள் நுழைய நேர்ந்தால் கதை வேறு. கதீட்டர் முனை தட்டில் சிக்கினால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: இந்த மாதிரி வால்வோடு வந்தவர்களில் இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

பிப்ரவரி 19
"சுடுவதற்கு மூன்று நாள் முன்னால் ஆசிட்ரோம் நிறுத்திவிட்டு வரணுமா?" போனில் எடுத்தவர் "ஆமா, எல்லாருக்கும் அப்படித்தான்". டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னதும் பதில் மாறியது: நிறுத்தக் கூடாது, எண் 2.5ஐ ஒட்டி இருக்கட்டும்.

பிப்ரவரி 23
பையில்: வால்வு அட்டை, ஆபரேஷன் நோட்ஸ், எக்கோ (இடது மேலறை 52 மி.மீ.), ஆறு மாத ஐ.என்.ஆர். பட்டியல், எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கி ஏன் நின்றது என்று ஒரே பக்கத்தில். ஃப்ளட்டர் தாள் இல்லை.

பிப்ரவரி 25
நாகர்கோவில் தாண்டியாயிற்று. தலையணையில் 68, மணிக்கட்டில் 68. இன்று பார்த்து.