கிழக்கே சூலம்

2024 ஜூலை 18, வியாழன்

பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் உறுதியாகிவிட்டது. அசாமில் சில்சார்.

ஆயா கேட்டார்: "சேலத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

ஜூலை 19, வெள்ளி

ராத்திரி இரண்டு மணி வரை வழி பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா பத்தாவது படித்தபோது வாங்கிய இந்திய வரைபடம், மடிப்பில் கிழிந்து, போபாலைக் காணோம். நமக்கு போபால் தேவையில்லை.

எங்கள் ஊருக்கு ரயில் இல்லாதது இத்தனை வருடம் ஒரு குறையாகவே தோன்றியதில்லை. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குட்டி ரயில் விட்டார்கள், 1941இல் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தத் திசைக்குப் போவதென்றாலும் முதலில் வேறோர் ஊருக்குப் போய்த்தான் புறப்பட வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து சில்சாருக்கே ஒரு ரயில் இருக்கிறது, அரோனாய் எக்ஸ்பிரஸ். வாரம் ஒரு முறை, சேலம் வழி. ஏறிப் படுத்தால் மூன்று இரவு கழித்து ஊர் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேலத்துக்குப் போக தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். தொப்பூர் வேண்டாம். சேலம் விமான நிலையம் இருக்கிற கமலாபுரத்திலிருந்து பெங்களூருக்குப் பறந்து போகலாம் என்று மச்சான் சொன்னதும் அதே காரணத்தால் வேண்டாம்.

மாலைச் செய்தியில் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் கோளாறு, விமானங்கள் நிற்கின்றன என்றார்கள். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்து சுமார்தான். இருந்தாலும் அதை நம்பி ஆள் ஏறியிருக்கிறான். இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவனுக்கு அதில் ஒரு தெம்பு.

ஜூலை 20, சனி

பஸ் நிலையத்தருகே ஒரு டிக்கெட் கடை. பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான். பெங்களூரிலிருந்து குவாஹாட்டிக்கு ஒரு டிக்கெட், குவாஹாட்டியிலிருந்து சில்சாருக்கு வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட். நடுவில் ஒரு மணி பத்து நிமிடம்.

"இரண்டாயிரத்து நூறு மிச்சம் சார்."

"முதல் விமானம் பிந்திவிட்டால்?"

"அது உங்கள் பாடு சார்."

இரண்டு பத்திரம் எழுதி, நடுவில் ஒரு சாண் நிலத்தை யார் பெயரிலும் போடாமல் விட்டதைப் போல. அந்த ஒரு சாணில்தான் முப்பது வருடம் வழக்கு நடக்கும். குவாஹாட்டியில் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி எடை போட வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அடுத்த விமானம் தவறினாலும் வேறொன்றில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் பெங்களூரில் போட்டால் சில்சாரில்தான் கையில் வரும். இதை அந்தப் பையன் சொல்லவில்லை. பாப்பா சொன்னாள், களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே.

ஜூலை 21, ஞாயிறு

வங்கதேசத்தில் ஊரடங்கு. மாணவர் போராட்டம், இணையத்தையும் துண்டித்துவிட்டார்கள். அங்கே படிக்கிற நம் பிள்ளைகள் மேகாலயா, திரிபுரா எல்லை வழியாக வெளியே வருவதைக் காட்டினார்கள். ஒரு பெண் பெட்டியைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். சக்கரம் ஒன்று போயிருந்தது.

கொல்கத்தாவுக்கும் சில்சாருக்கும் நடுவில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டேன். கோட்டில் பெரும்பகுதி அந்த நாட்டுக்குள்தான் ஓடுகிறது.

"மேலே பறக்கிறதப்பா, கீழே நடந்து போகவில்லை."

பெட்டிக்குச் சக்கரம் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

கட்டணம் காலையில் 8,900. சாயங்காலம் 9,640. ராயக்கோட்டைத் தக்காளிகூட ஒரே நாளில் இப்படி ஏறாது.

ஜூலை 24, புதன்

இன்று நான்கு பத்திரம். மூன்றாவதில் நான்கெல்லை எழுதும்போது மேற்கு என்று வர வேண்டிய இடத்தில் கிழக்கு என்று எழுதிவிட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னவர்தான் கண்டுபிடித்தார். "என்ன சார், என் நிலத்தை அடுத்தவர் கிணற்றில் இறக்கிவிட்டீர்களே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

குவாஹாட்டி வரை பறந்து அங்கிருந்து தரைவழி என்ற யோசனையை இன்றோடு மூடிவிட்டேன். ரயில் என்றால் லும்டிங், பதர்பூர் மலைப்பாதை. 2022 மே மாதம் மலை சரிந்து நியூ ஹாஃப்லாங் நிலையத்தில் நின்றிருந்த ரயில் பெட்டிகளையே சேறு புரட்டிப் போட்டது. அந்த வீடியோவை மூன்றாம் முறை பார்த்தபோது பாப்பாவின் அம்மா செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள். பஸ் என்றால் ஷில்லாங், ஜோவாய் வழி. அதில் சோனாப்பூர் என்ற இடத்தில் மண் சரிந்து விழும் என்றே சாலைக்கு மேல் சுரங்கம் கட்டி வைத்திருக்கிறார்கள். மலையும் வளைவும் லாரியும் சேர்ந்த எதுவும் எனக்கு ஆகாது.

ஆக, கடைசி வரை விமானம். அதிலும் பொழுது சாய்வதற்குள் இறங்குகிற விமானம். இதுதான் இப்போது என் தலையில் ஓடுகிற ஒரே கணக்கு. ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கே சூரியன் மறைய 6.43 ஆகும். சில்சாரில் 6 மணிக்கெல்லாம் மறைந்துவிடும். விடிவதும் அங்கே ஐந்துக்கு முன்னால். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் சாயங்காலத்தில் நாற்பது நிமிட வெளிச்சத்தைக் காணோம். மாலை 4.50க்கு இறங்கும் விமானம் ஒன்று இருக்கிறது. பெட்டி வர அரை மணி என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையம் கும்பீர்கிராமில், ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டருக்கு மேல், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை. கார் கிடைக்கக் கால் மணி. மழை என்றால் இன்னும் கால் மணி. இருட்டிவிடும், எப்படிக் கூட்டினாலும் இருட்டிவிடும். 2.20க்கு இறங்குவது 1,300 ரூபாய் அதிகம்.

"அங்கேயும் தெருவிளக்கு இருக்குமப்பா" என்றாள்.

இருக்கும். தொப்பூரில் அன்றைக்கும் விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன.

ஜூலை 26, வெள்ளி

டிக்கெட் போட்டாயிற்று. ஆகஸ்ட் 4, ஞாயிறு. பெங்களூரு, கொல்கத்தா, சில்சார், மூன்றும் ஒரே டிக்கெட்டில். இறங்குவது 2.20.

சனிக்கிழமை 600 ரூபாய் குறைவு. ஆயா விடவில்லை. திங்களும் சனியும் கிழக்கே சூலம். "பெங்களூருக்கு வடக்கேதானே போகிறோம்?" என்று கேட்டுப் பார்த்தேன். "போய்ச் சேருகிற இடம் எங்கே இருக்கிறது?" என்றார். கோர்ட்டில்கூட என்னை இப்படி மடக்கியவர் இல்லை. ஆடியில் பெண்ணை வெளியே அனுப்புவது பற்றி இரண்டு நாளாகப் புலம்பியவர், சூலத்தில் வென்ற பிறகு அதை மறந்துவிட்டார்.

குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தான். என் பெயரை முழுதாகப் போட்டாள். ஆதாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன். நான்கு முறை. இதில் பிசகினால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிச் சரிக்கட்ட முடியாது, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட்டை அச்செடுத்துப் பார்த்தேன். பயணி என்ற இடத்தில் அவள் பெயர், பக்கத்திலேயே என் பெயர். 51 வயதுவரை விமானத்தின் வாலைக்கூடத் தொட்டதில்லை.

இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று எனக்கு.

ஜூலை 27, சனி

மனசு லேசாக இருக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று போன மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள் அல்லவா, அந்த வாரமே சூளகிரிப் பக்கத்திலிருந்து வில்லங்கச் சான்று கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பெங்களூரு விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை இன்னொன்று கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதை ஒருவரிடம் சொன்னேன். "அதற்குள் நிலம் நான்கு கை மாறிவிடும் சார்" என்றார். மாறும். நான்குக்கும் நான்தான் எழுதுவேன்.

ஜூலை 28, ஞாயிறு

பாப்பாவின் அம்மா என்னோடு பேசவில்லை. நானும் கூடப் போக வேண்டுமாம். போய்வர இருபதாயிரத்துக்கு மேல்.

"அப்பா வந்தால் அவரையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பாப்பா அடுப்படியில் சொன்னது கேட்டது. உண்மைதான். இருந்தாலும் கேட்டது.

ஜூலை 30, செவ்வாய்

வயநாடு. முண்டக்கை, சூரல்மலை. ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

இன்று வரைபடத்தை விரிக்கவில்லை.

ஜூலை 31, புதன்

மேட்டூர் 120 அடி. ஒகேனக்கலில் குளிக்க விடமாட்டார்களாம்.

பாப்பா ஒன்று காட்டினாள். 1961 மே 19, சில்சார் ரயில் நிலையம். வங்காள மொழிக்காக மறியல் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, பதினொரு பேர். அசாமில் அசாமிய மொழி மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததை எதிர்த்து நடந்தது. நம் ஊரில் 1965ஐப் பற்றி அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார்; அவர் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. அதற்கும் நான்கு வருடம் முந்தி அங்கே. போகிற ஊர்மேல் முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது. இத்தனை நாள் அது எனக்கு மழையும் இருட்டும் மட்டும்தான்.

அங்கே அவள் எந்த மொழியில் ஆட்டோக்காரரிடம் பேசுவாள்?

ஆகஸ்ட் 2, வெள்ளி

பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. வீட்டில் தராசு இல்லை. மாங்காய் மண்டிக்கு எடுத்துப் போனேன். சீசன் முடிகிற நேரம், கடைசி நீலம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது, தரையெல்லாம் வைக்கோலும் பிசுக்கும். எடைக்காரர் கூடையை இறக்கிவிட்டுப் பெட்டியை ஏற்றினார். 19.350. "என்ன ரகம் சார் இது?" என்றார்.

அங்கேயே, கூடைகளுக்கு நடுவில் சாக்கை விரித்துத் திறந்தோம். ராகி மாவு மூன்று கிலோ, ஆயாவின் வேலை. காவேரிப்பட்டினம் நிப்பட்டு இரண்டு கிலோ, என் வேலை. கொப்பரை ஏழு மூடி. அதை எடையே பார்க்காமல் எடுத்து வைத்தாள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று விமானத்தில் விடுவதில்லையாம். பவர் பேங்க் பெட்டிக்குள் இருந்தது, அது கைப்பையில்தான் போக வேண்டுமாம். மாங்காய் ஊறுகாய் கைப்பையில் இருந்தது, அது பெட்டிக்குள் போக வேண்டுமாம். ஒன்றின் இடத்தில் ஒன்று. மாவு ஒன்றரை கிலோவாகக் குறைந்தது. நிப்பட்டில் ஒரு பொட்டலத்தை எடைக்காரரிடமே கொடுத்தேன். 14.800.

வண்டியில் திரும்பும்போது சொல்கிறாள், மாணவர் கட்டணத்தில்தான் டிக்கெட் போட்டோம், அதில் பத்து கிலோ கூடுதலாக உண்டு என்று.

"இதை மண்டியிலேயே சொல்வதற்கென்ன?"

"அவ்வளவு மாவு எனக்கு வேண்டாமப்பா."

ஆயாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தென்பெண்ணைக் கரையில் கும்பல். ஆயா காப்பரிசி கொடுத்து, பாப்பாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்.

நாளை அமாவாசை. புறப்பட நல்ல நாள் என்கிறார். நிலவே இருக்காது என்பது இப்போதுதான் உறைக்கிறது. டிக்கெட் போடும்போது காலண்டரைப் பார்த்தேன், சூலத்தை மட்டும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை 2.40. புறப்பட்டோம். வெளிச்சத்தில் இறங்குவதற்காக இருட்டில் கிளம்புகிறோம்.

நான் நான்கு நாளாகப் பார்த்து வைத்த வழி அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், ஹொஸ்கோட்டே, அங்கிருந்து தேவனஹள்ளி. சில்க் போர்டு நெரிசலைத் தொடாத வழி. மச்சான் கேட்கவில்லை. "இந்த நேரத்தில் அங்கே நாய்கூட இருக்காது மாமா." நேராக ஊருக்குள் விட்டான். நாய் இருந்தது, இரண்டு. 5.10க்கெல்லாம் போய்விட்டோம். விமானம் 8.15க்கு.

டிக்கெட் இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பெயர் பொருந்திவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியில் பெட்டியை ஏற்றி, ஒரு முறை திரும்பிக் கையை ஆட்டினாள். மஞ்சள் கயிறு தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு பெரிய குடும்பம் குறுக்கே வந்துவிட்டது.

11.05. கொல்கத்தா.

12.50. தாமதமாம். 2.40 என்று பலகையில்.

2.30. இப்போது 4.20 என்கிறார்கள். வானிலை.

கூட்டிப் பார்த்தேன். 1,300 ரூபாய்.

4.35. போன் அணைந்திருக்கிறது. ஏறிவிட்டாள் என்று அர்த்தம்.

5.38. "இறங்கிவிட்டேன் அப்பா. இது விமானப்படைத் தளம், படம் எடுக்கக் கூடாதாம்."

வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மழை பெய்கிறது" என்று பதில்.

6.43 வரை வாசலிலேயே நின்றேன். இங்கே எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட துணியின் பூப்போட்ட கரைகூடத் தெரிந்தது.

7.50. விடுதி. காரில் கூட வந்தது இரண்டாம் வருடப் பெண், பென்னாகரமாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை 4.51க்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். விடுதி ஜன்னல், ஈரக் கம்பி, பின்னால் பளிச்சென்று விடிந்த பச்சை. நான் அதைத் திறந்தபோது இங்கே கும்மிருட்டு.

பெட்டியின் சாவியைக் காணோமாம். பூட்டை உடைத்துத்தான் திறந்தார்களாம். ஊறுகாய் சிந்தவில்லை.

மதியம் அலுவலகத்தில் யாரோ டிவியைச் சத்தமாக வைத்தார்கள். டாக்காவில் பிரதமர் பதவியை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போய்விட்டார். சில்சாரிலிருந்து எல்லை எவ்வளவு தூரம் என்று பார்க்க வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தைத் தேடினேன். அலமாரியில் மேல் தட்டில் மடித்து வைத்திருந்தது. சாவி அதன்மேல்தான் இருந்தது.